மகனின் கிட்டப்பார்வைக்கு மையோஸ்மார்ட் லென்ஸ்: மூன்று வருட அனுபவம்

மகனுக்கு எட்டு வயதில் பவர் மைனஸ் 2. அதற்கு முந்தைய வருடம் மைனஸ் 1தான். எனக்கே மைனஸ் 6 என்பதால், சாதாரணக் கண்ணாடி வேண்டாம் என்று டாக்டர் ஹோயா நிறுவனத்தின் மையோஸ்மார்ட்டை எழுதிக்கொடுத்தார்.

லென்ஸின் நடுவில் வழக்கமான பவர். அதைச் சுற்றித் தேன்கூடு மாதிரி சுமார் 400 குட்டி லென்ஸ்கள். அவற்றின் வழியாக வரும் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிகிறது. அதனால் கிட்டப்பார்வையை ஏற்றும், கண் முன்பின்னாக நீளமாக வளர்வது மெதுவாகிறது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கியது. அங்கே நடந்த இரண்டு வருட ஆய்வில், சாதாரணக் கண்ணாடி போட்ட பிள்ளைகளைவிடப் பவர் ஏற்றம் சராசரியாக 52% குறைவு.

முதல் சில நாள் ஓரப்பார்வை மங்கலாக இருக்கிறது என்றான், அப்புறம் மறந்துவிட்டான். மூன்று வருடத்தில் ஏறியது 0.75. முழுப் புகழும் லென்ஸுக்கே என்று சொல்லமாட்டேன். வயது ஏற ஏற வேகம் தானாகவும் குறையும். அதனால்தான் நான் பவரைவிடக் கண்ணின் நீளத்தைப் பார்க்கிறேன். 1 மி.மீ. நீண்டால் பவர் ஏறக்குறைய 2.5 கூடும். பின்னாளில் விழித்திரை விலகும் ஆபத்தும் இந்த நீளத்தோடுதான் ஏறுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். அளக்கும் கருவி இல்லாத இடத்தில் இவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்குவதில் அர்த்தமில்லை.

பவர் ஏறுவதை மெதுவாக்கத் தரும் அட்ரோபின் என்ற கண் மருந்தையும் (0.01%) இரவில் ஒரு சொட்டு கொஞ்ச காலம் விட்டோம். எங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை, டாக்டரே நிறுத்திவிட்டார். 2023இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வும் இந்த அளவு மருந்தில் பலனைக் காணவில்லை. இந்த மருந்தை வைத்து ஹாங்காங்கில் நடந்த வேறொரு ஆய்வில் 0.05%தான் நன்றாக வேலை செய்தது.

மாமியார் பொன்னாங்கண்ணிக் கீரையை விடவில்லை. கீரை நல்லதுதான், பவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "பவரைக் குறைத்துப் போட்டால் ஏறாது" என்பதை மட்டும் கேட்காதீர்கள். சாயங்காலம் வெளியே விளையாட விடுவது அதைவிடப் பயன்.

குறைகள்: விலை சாதாரண லென்ஸைப் போலப் பல மடங்கு. பவர் மாறினால் மறுபடி முழுச்செலவு. ஒருமுறை கடைக்காரர் லென்ஸின் மையத்தைக் கண்மணிக்கு நேராக வைக்காமல் பொருத்திவிட்டார். பையன் தலையைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஃபிரேம் மூக்கிலிருந்து வழுக்காததாகப் பாருங்கள். கீறல் விழுந்தாலோ ஒரு வருடத்துக்குள் பவர் மாறினாலோ தள்ளுபடியில் மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.