ஊர்க்காரங்களே நடத்துற ட்ரெக்கிங் - என் ரிவ்யூ
இந்த தடவை பெரிய ஏஜென்சிய விட்டுட்டு காட்டோரத்து ஜனங்களே சேந்து நடத்துற ட்ரெக்கிங்ல போனேன், சூப்பருங்க. கைடு அங்கயே பொறந்து வளந்தவரு, காலடித் தடத்த பாத்தே என்ன மிருகம் எப்போ போச்சுன்னு சொல்றாரு, குரூப்புக்கு ஆறு பேருக்கு மேல கிடையாது, விலங்குகிட்ட போய் செல்பி எடுக்க விடவே மாட்டாங்க. நாம கட்டுற காசு யாருக்கு எவ்ளோ போகுதுன்னு கேட்டேன், கணக்கு நோட்டயே எடுத்துக் காட்டுனாங்க, அது ரொம்ப பிடிச்சுது. முன்னாடி வேற ஒரு கம்பெனில 'எக்கோ டூர்'னு சொல்லி கூட்டிட்டுப் போய் யானை மேல ஏத்திவிட்டாங்க, இன்னும் மனசு கேக்கல. யாராவது ஜிஎஸ்டிசி (இயற்கையயும் ஊர் ஜனங்களயும் பாதிக்காத சுற்றுலாவுக்கான உலக அமைப்பு) சர்டிபிகேட் இருக்குன்னு சொன்னா எந்த அமைப்பு குடுத்ததுன்னு கேளுங்க, ஏன்னா ஜிஎஸ்டிசி விதிமுறை வகுக்குமே தவிர நேரடியா சர்டிபிகேட் தராது. புக்கிங் போன்ல மட்டும்தான், லைன் கிடைக்க நேரமாகும்.