பென்சில் கை நீள்கிறது

கல்யாண வீடியோக்களைத் தொகுப்பது என் பிழைப்பு. அதனால் பாட்டுக் காணொளி எதைப் பார்த்தாலும் வெட்டுகளைத்தான் எண்ணுவேன். நார்வேயின் ஆ-ஹா குழு பாடிய ‘டேக் ஆன் மீ’யில் மட்டும் எண்ண மறந்துவிடுகிறேன்.

1984இல் முதலில் வந்தபோது இந்தப் பாட்டு எடுபடவில்லை. அப்போதைய காணொளியில் நீலப் பின்னணியில் நின்று பாடினார்கள், அவ்வளவுதான். 1985இல் பாட்டைப் புதிதாகப் பதிவுசெய்து, ஸ்டீவ் பேரன் இயக்கத்தில் வேறு காணொளி எடுத்தார்கள். அமெரிக்கப் பட்டியலில் முதலிடம்!

காபிக் கடையில் படக்கதை படிக்கும் பெண்ணை நோக்கித் தாளிலிருந்து பென்சில் கை ஒன்று நீள்கிறது. அவள் பற்றிக்கொள்ளும் நொடியில் நாமும் உள்ளே போய்விடுகிறோம். அங்கே ஒரு சட்டத்தின் இப்புறம் கோட்டோவியம், அப்புறம் ரத்தமும் சதையுமான ஆள். எடுத்த காட்சியின்மேல் ஒவ்வொரு சட்டகமாகக் கையால் வரைந்திருக்கிறார்கள்; மாதக்கணக்கான வேலை. பைப் ரெஞ்சுடன் துரத்துகிறவர்கள்தான் சற்று நாடகத்தனம். ஆனால் கடைசியில் அந்தப் பென்சில் கைக்குரிய படக்கதை நாயகன் தாழ்வாரச் சுவர்களில் மோதி மோதி மனிதனாகும் இடத்தை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். முடிக்க வேண்டிய வரவேற்பு வீடியோ அப்படியே கிடந்தது.