போர் தண்ணீர் நிரப்பிய நீச்சல் குளம்: திரவ ஆசிட்டா, பவுடர் ஆசிட்டா?

பொள்ளாச்சி, உடுமலை, அவிநாசிப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் நீச்சல் குளம் கட்டினால், நிரப்ப இருப்பது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். குளத்துக்கு அல்கலினிட்டி, அதாவது ஆசிட்டைத் தாங்கும் காரத்தன்மை, 80 முதல் 120 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) இருந்தால் நல்லது. நம் போர்களில் 300ஐத் தாண்டுவதும் உண்டு. அப்படி இருக்கும்வரை, பிஎச்சை எத்தனை முறை இறக்கினாலும் மறுபடி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பிஎச் ஏறினால் குளோரின் வீணாகும். ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் மருந்து) சேர்க்காத குளத்தில், பிஎச் 7.2 இருக்கும்போது குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8க்குப் போனால் கால் பங்குதான். டைல்ஸில் வெள்ளைப் படிவு வருவதும் இதனால்தான்.

அல்கலினிட்டியை இறக்குவதற்கு இரண்டு வழி. ஒன்று கடைகளில் கேனில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். மற்றொன்று டிரை ஆசிட் எனப்படும் சோடியம் பைசல்பேட் பவுடர். ஒரு லட்சம் லிட்டர் குளத்தில் 10 பிபிஎம் இறக்க, 30 சதவீதத்துக்குச் சற்று மேல் செறிவுள்ள ஆசிட் சுமார் 2 லிட்டர் வேண்டும். பவுடர் என்றால் சுமார் இரண்டரை கிலோ. 250ல் இருந்து 120க்கு வர 26 லிட்டர் ஆசிட், அல்லது 32 கிலோ பவுடர்! அதுவும் ஒரேயடியாக ஊற்ற முடியாது, பல நாளாகப் பிரித்துத்தான் சேர்க்க வேண்டும்.

பவுடரில் புகை இல்லை, எடுத்துப் போக எளிது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அது பெரிய விஷயம். ஆனால் அதிலுள்ள சல்பேட் குளத்திலேயே தங்கிவிடும். கோடையில் தண்ணீர் ஆவியாக ஆவியாகப் போர் தண்ணீரை ஊற்றுவோம், அல்கலினிட்டி ஏறும், மறுபடி பவுடர் போடுவோம். இப்படிச் சேரும் சல்பேட் சிமென்ட் பூச்சையும் டைல்ஸ் இடுக்குப் பூச்சையும் அரிக்கும். அதனால் போர் தண்ணீர்க் குளத்துக்கு என் ஓட்டு திரவ ஆசிட்டுக்குத்தான். அல்கலினிட்டி கொஞ்சம்தான் கூடுதல், குளமும் சிறியது என்றால் பவுடர் போதும்.

திரவ ஆசிட்டுக்கு ஒழுங்கு முக்கியம். கையுறை, கண்ணாடி கட்டாயம். பக்கெட் தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. பம்ப் ஓடும்போது ஆழமான பக்கம் பரவலாக ஊற்றுங்கள். பிளீச்சிங் பவுடர் இருக்கும் அறையில் ஆசிட் கேனை வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து.

ஒரே இடத்தில் மொத்தமாக ஊற்றினால் அல்கலினிட்டி மட்டும் இறங்கும் என்று சொல்வார்கள். அது சரியல்ல. எப்படி ஊற்றினாலும் அதே அளவு ஆசிட் அதே அளவு அல்கலினிட்டியைத்தான் எடுக்கும், பிஎச்சும் கூடவே இறங்கும். பிஎச்சை மட்டும் திரும்ப ஏற்ற மருந்து வேண்டாம். ரிட்டர்ன் ஜெட்டை (வடிகட்டிய தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் குழாய் வாய்) மேல்நோக்கித் திருப்பி, தண்ணீரைக் கலக்கி ஓட விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் தானாக ஏறும், அல்கலினிட்டி அப்படியே இருக்கும். ஆசிட், பிறகு காற்று என்று மாறி மாறிச் செய்வதுதான் முறை.

சிறுவாணித் தண்ணீரில் நிரப்பியவர்களுக்குக் கதை தலைகீழ். அது மென்மையான தண்ணீர் என்பதால் அல்கலினிட்டியை ஏற்ற வேண்டி வரும். அதற்குச் சமையல் சோடாதான் ஏற்றது, லட்சம் லிட்டருக்கு 1.7 கிலோ போட்டால் 10 பிபிஎம் ஏறும். திருப்பூரில் சாயப்பட்டறைக்கு விற்கிற சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) எளிதாகக் கிடைக்கிறதே என்று அதைக் கொட்டினால் பிஎச் சட்டென்று எகிறும். பிஎச்சும் கூடவே குறைவாக இருந்தால் மட்டும் அதைக் கொஞ்சம் சேர்க்கலாம்.