காரைக்குடியா, அல்லிக்குளமா?

பழம்பொருள் தேடிப் போவதென்றால் என் ஓட்டு காரைக்குடிக்குத்தான். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்தவை குவிந்திருக்கும்: பர்மா தேக்குத் தூண், ஊறுகாய் ஜாடி, ரவிவர்மா அச்சுப்படம், பல்லாங்குழி. எனக்குப் பிடித்தவை எனாமல் பாத்திரங்கள். அடியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்வீடன் நாட்டு காக்கும்ஸ் முத்திரை இருந்தால் கையிலிருந்து இறக்க மனசே வராது. கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் வாங்கி வந்து அடுக்கிய சீர்ப் பாத்திரம் அது! ஓரத்தில் எனாமல் பெயர்ந்திருந்தால் அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சமைக்க வேண்டாம். விலை சற்று அதிகம்தான், பேரம் பேசலாம்.

சென்னை அல்லிக்குளம் வேறு மாதிரி. 1985 தீயில் பழைய மூர் மார்க்கெட் அழிந்தபின் வியாபாரிகள் இடம்பெயர்ந்த வளாகம். பழைய புத்தகம், இசைத்தட்டு தேடுபவர்களுக்கு இதுதான் சரி. இசைத்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பாருங்கள். அப்புறம், நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுக்குத் தனி ஊசி வேண்டும், பின்னால் வந்த எல்.பி. தட்டின் ஊசி பொருந்தாது. சில நூறு ரூபாயோடு போகிறவர்கள் முதலில் இங்கே போகலாம்.