டுவெர்னே ஷேலில் திசைக்கோண நில அதிர்வுப் பகுப்பாய்வு: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே கிடக்கும் டுவெர்னே ஷேல் (எண்ணெயும் எரிவாயுவும் பொதிந்த களிப்பாறை) அடுக்கில் கிடைமட்டக் கிணறுகளைத் திட்டமிடும் பணிக்காக, முப்பரிமாண நில அதிர்வுத் தரவை (அனுப்பிய அதிர்வலைகள் பாறை அடுக்குகளில் எதிரொலித்து வரும் பதிவை) அலை சென்ற திசைக்கோணப்படி பிரித்து, விரிசல் திசையையும் தகைவுத் திசையையும் (பாறையை அமுக்கும் விசையின் திசையையும்) கணிக்கும் முறையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். திசையைப் பொறுத்தவரை இம்முறையை நம்பலாம் என்பதும், தகைவின் அளவைப் பொறுத்தவரை இது தரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் என் மதிப்பீடு.

செங்குத்து விரிசல்கள் ஒரே திசையில் அமைந்த பாறையில், அவற்றுக்கு இணையாகச் செல்லும் அலை விரைவாகவும், குறுக்கே செல்லும் அலை சற்றுத் தாமதமாகவும் வந்து சேரும். கிடைமட்டத் தகைவுகள் இரண்டும் சமமாக இல்லாதபோதும் இதே விளைவு தோன்றும். ஆகவே வேகமான திசை என்று வரைபடம் காட்டுவது பழைய விரிசலையா, இன்றைய தகைவையா என்பதைத் தரவு மட்டும் சொல்லிவிடாது. கிணற்றுச் சுவரின் இமேஜ் லாக்கை (கருவியை உள்ளே இறக்கி எடுத்த சுவர்ப் படத்தை) அருகில் வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.

இந்த வட்டாரத்தில் ஒரு வசதி உண்டு. எண்ணெய்க் கிணறுகளின் சுவர்கள் எந்தப் பக்கம் உடைந்து விழுந்திருக்கின்றன என்பதைக் கொண்டு, ஆல்பர்ட்டாவின் பெரும அமுக்கத் தகைவு வடகிழக்கு–தென்மேற்காக அமைந்திருப்பதை ஆய்வாளர்கள் பெல்லும் காஃபும் 1979 இலேயே காட்டிவிட்டனர். விடை ஓரளவு முன்பே தெரிந்திருப்பதால், புதிய கணிப்பைச் சோதிப்பது எளிது. வரைபடத்தின் திசைகள் தகைவோடு ஒத்துப்போகாமல், அதிர்வுமூலக் கோடுகளோடும் ஜியோஃபோன் (அதிர்வைப் பதியும் கருவி) கோடுகளோடும் ஒட்டி நின்றால், அது பாறையின் குணமன்று, அளவெடுப்பின் தடம் என்றே முதலில் சந்தேகிக்கிறேன்.

திசைக்குத் திசை எதிரொலியின் வலிமை (வீச்சு) மாறுவதைக் கொண்டு கணிக்க, ஆய்வாளர் ரூகர் 1998 இல் வெளியிட்ட தோராயச் சமன்பாட்டையே பெரும்பாலான மென்பொருள்கள் பின்பற்றுகின்றன. அதில் ஒரே தரவுக்கு 90 பாகை விலகிய இரண்டு திசைகள் சமமாகப் பொருந்துகின்றன. மென்பொருளோ ஒன்றைத் தேர்ந்து, எந்தத் தயக்கமும் காட்டாமல் வண்ணம் தீட்டிவிடுகிறது. வேக மாற்றத்தில் இக்குழப்பம் இல்லையென்றாலும், மெல்லிய அடுக்கில் அது பலவீனமானது. 40 மீட்டர் தடிமனும் நொடிக்கு 4000 மீட்டர் அலைவேகமும் உள்ள அடுக்கை அலை இருமுறை கடக்க 20 மில்லிநொடி ஆகும். திசைக்குத் திசை வேகம் 3 விழுக்காடு வேறுபட்டாலும் கிடைக்கும் கால வேறுபாடு 0.6 மில்லிநொடிதான், தரவின் மாதிரி இடைவெளியோ (அடுத்தடுத்த இரு பதிவுப் புள்ளிகளுக்கு இடையிலான காலம்) வழக்கமாக 2 மில்லிநொடி. எனவே மேலுள்ள தடித்த அடுக்குகளில் வேகத்தையும், இலக்கு அடுக்கில் வீச்சையும் சேர்த்துப் பார்ப்பதே எனக்குப் பலன் தந்தது.

செயலாக்கத்தில் ஒரு கசப்பு. தடங்களை (ஒவ்வொரு ஜியோஃபோனும் பதிந்த அலைப் பதிவுகளை) அதிர்வுமூலத்துக்கும் ஜியோஃபோனுக்கும் இடையிலான தூரப்படியும், அதற்குள் திசைக்கோணப்படியும் அடுக்கினால், எதிரொலிப்புக் கோடு தொலைதூரத் தடங்களில் மெல்லிய அலைபோல நெளிவதைக் காணலாம். நமக்கு வேண்டிய செய்தி அந்த நெளிவில்தான் இருக்கிறது. ஒரு திட்டத்தில் செயலாக்க ஒப்பந்ததாரர், படம் தெளிவாக வரவேண்டும் என்று, நுண்ணிய காலத் திருத்தத்தால் அதை நேராக்கி அனுப்பிவிட்டார். பார்க்க அழகு, பயனோ சுழியம். அதன்பின் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், திருத்தத்துக்கு முந்தைய தடங்களையும் தரவேண்டும் என எழுதி வாங்குகிறேன்.

கிடைமட்டத் தகைவுகளின் வேறுபாட்டு விகிதத்தையும் இப்போதைய மென்பொருள்கள் கணக்கிட்டுத் தருகின்றன. விகிதம் சிறிதாக இருக்கும் இடத்தில் நீரழுத்த விரிசல்கள் (நீரை உயர் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் உண்டாக்குபவை) வலைபோல் கிளைக்கும் என்றும், பெரிதாக இருந்தால் இணையாகவே நீளும் என்றும் எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் சிறும தகைவைச் சிறு உட்செலுத்துச் சோதனையின் மூடழுத்தத்தால் (திறந்த விரிசல் மீண்டும் மூடிக்கொள்ளும் அழுத்தத்தால்) சரிபார்க்கலாம். பெரும தகைவை நேரடியாக அளக்கும் வழி இல்லை. ஆகவே இரண்டு இடங்களை ஒப்பிட மட்டுமே அந்த விகிதத்தைப் பயன்படுத்துகிறேன்.

டுவெர்னே கிணறுகள் உள்ள ஃபாக்ஸ் கிரீக் ஊரின் சுற்றுவட்டாரத்தில் இது வெறும் உற்பத்திக் கணக்கன்று. நீரழுத்த விரிசலால் தூண்டப்பட்ட நில நடுக்கங்களை அடுத்து, நடுக்கத்தின் அளவு (மேக்னிட்யூட்) 4.0 எட்டினால் பணியை நிறுத்த வேண்டும் என்ற விதி 2015 இல் வந்தது. அங்கே நழுவும் பிளவுகளில் பல ஏறத்தாழ வடக்கு–தெற்காக, செங்குத்தாக நிற்பவை. அவற்றின் அசைவு பக்கவாட்டில் என்பதால், அடுக்குகள் மேலும் கீழுமாக விலகாமல், வழக்கமான குறுக்குவெட்டுப் படத்தில் எளிதில் அகப்படுவதில்லை. வடகிழக்குத் தகைவுக்கு இத்திசைப் பிளவுகள் நழுவ ஏற்றவை என்பதால், வேகமான திசை திடீரெனத் திரும்பும் இடங்களைக் கிணற்றுப் பாதை முடிவாகும் முன்பே தனியாகக் குறித்துக்கொள்கிறேன்.

பழைய தரவை விலைக்கு வாங்கி இம்முறையைத் தொடங்க நினைப்பவர்கள், இலக்கின் ஆழத்துக்கு நிகரான தூரம்வரை எல்லாத் திசைகளிலும் பதிவாகியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். ஒரு திசையில் மட்டும் நீண்டு, மறுதிசையில் குறுகிய தரவை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.