ஒபிஸ் லப்டொப்பும் வெளிக்களப் போனும்: சேர்வரா, கிளவுட்டா, எந்தக் கிளவுட்?

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் பத்துப் பேர் முதல் ஐம்பது பேர் வரை வேலை செய்கிற அலுவலகங்களுக்குக் குறைவில்லை. நுண்கடன் கிளைகள், தொண்டு நிறுவனங்கள், கல்முனையிலும் காத்தான்குடியிலும் இருக்கிற மொத்த வியாபாரங்கள், பாசிக்குடா ஹோட்டல்கள், சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகள். பல இடங்களில் பாதி வேலை மேசையில் நடக்கிறது, மீதி மோட்டார் சைக்கிளில் போய்வருகிறது. ஒரு வெளிக்கள உத்தியோகத்தரின் போனில் ஒரு கிராமத்துப் பெண்கள் பலருடைய அடையாள அட்டைப் படமும் கடன் நிலுவையும் இருக்கும். அந்தப் போன் பஸ்ஸில் தவறிப்போனால் போனின் விலையோடு கணக்கு முடிவதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இந்த விவரங்களைக் காக்கிற பொறுப்பை அவற்றை வைத்திருக்கிற நிறுவனத்தின் மேல்தான் சுமத்துகிறது.

"சரி, லப்டொப்பையும் போனையும் ஓரிடத்தில் இருந்து கட்டுப்படுத்த எதைப் போடுவது?" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு வசதிப் பட்டியலோடு வருகிறார்கள். பட்டியலில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் முதலில் கேட்பது இதுதான்: காலையில் மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக் கிராமங்களுக்குப் போன லப்டொப்போ போனோ, சிக்னல் வந்து வந்து போகிற இடத்தில், ஒபிஸின் கட்டளை எட்டாத நேரத்தில் எப்படி நடந்துகொள்ளும்? அடுத்தது, அந்தப் போன் யாருடையது? கம்பனி வாங்கிக் கொடுத்ததா, ஊழியர் சொந்தக் காசில் வாங்கியதா? இவை இரண்டும் தெளிவானால் பாதி முடிவு வந்த மாதிரி.

முதலில் பழைய வழி. ஒபிஸில் ஒரு விண்டோஸ் சேர்வர், அதில் ஆக்டிவ் டிரெக்டரி (பயனர், கணினிக் கணக்குகளின் பதிவேடு), அதன் மேல் குரூப் பொலிசி (அந்தக் கணினிகளுக்குப் போடும் விதிகள்). விண்டோஸ் 2000 காலத்தில் வந்த ஏற்பாடு இது, இன்னும் உறுதியாகவே நிற்கிறது. யூ.எஸ்.பி அடைப்பது, பிரிண்டர் போடுவது, திரைப்பூட்டு, பாஸ்வேர்ட் நீளம் என்று விண்டோஸில் தொடக்கூடிய எதையும் இதால் தொடலாம். மாற்றம் செய்தால் 90 நிமிடத்தில், மிஞ்சினால் அதற்கு மேல் அரை மணிக்குள், எல்லாக் கணினிக்கும் போய்விடும். அத்தனையும் உள் வலையமைப்பில் நடப்பதால் இணையம் போனாலும் கவலையில்லை. ஒரே கட்டடத்தில், மேசைக் கணினி மட்டும் வைத்து பில் போடுகிற மொத்தக் கடைக்கோ ஆலைக்கோ இது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் கழற்ற வேண்டிய அவசரம் இல்லை.

புதிதாக வாங்குவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். போன் என்ற பொருளே குரூப் பொலிசிக்குத் தெரியாது. வெளியே போன லப்டொப் வி.பி.என் (இணையத்தின் ஊடாக ஒபிஸோடு இணைக்கும் தனிப் பாதை) வழியாகச் சேர்வரைத் தொடாவிட்டால், ஏற்கெனவே இருந்த கொள்கையோடு ஓடுமே தவிர புதியது எதுவும் வராது. புதுப்பிப்புகளைச் சேர்வரில் இறக்கிப் பங்கிடும் டபிள்யூ.எஸ்.யூ.எஸ் வசதியை இனி வளர்க்கப்போவதில்லை என்று மைக்ரோசொப்ட் 2024 செப்டெம்பரிலேயே அறிவித்துவிட்டது. இவற்றுக்கு மேல் நம்முடைய மண்ணின் பிரச்சினை ஒன்று இருக்கிறது. நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை வெள்ளம் வருகிற மாவட்டங்களில், பல ஒபிஸ்களில் சேர்வர் இருப்பது கீழ்மாடியில், படிக்குக் கீழே, யூ.பி.எஸ் தரையில். தண்ணீர் முழங்காலுக்கு வரும்போது பயனர் கணக்கு, கோப்புகள், பெக்கப் மூன்றும் ஒரே பெட்டியில் இருந்தால் மூன்றும் ஒன்றாகத்தான் போகும்.

இனிக் கிளவுட், அதாவது நம்மிடம் சேர்வர் இல்லாமல், இணையத்தின் வழியாக மற்றொரு கம்பனியின் கணினியில் இருந்து நடக்கிற நிர்வாகம். இங்கே மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: மைக்ரோசொப்ட் இன்டியூன், கூகுள் வேர்க்ஸ்பேஸுக்குள் (கூகுளின் நிறுவன மெயில், கோப்புச் சேவை) இருக்கிற சாதன நிர்வாகம், சோஹோவின் மனேஜ்என்ஜின்.

இன்டியூன் 2011இல் விண்டோஸ் இன்டியூன் என்ற பெயரில் வந்தது. விண்டோஸ் அல்லது அண்ட்ரொய்ட் சாதனத்தைப் பதிவு செய்ததும் முதல் 15 நிமிடம் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு மணித்தியாலம் கால் மணிக்கு ஒருமுறை கிளவுட்டைத் தொட்டுக் கொள்கைகளை வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஏறத்தாழ 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான். குரூப் பொலிசி பழகியவர்களுக்கு இந்த இடம்தான் பொறுமையைச் சோதிக்கும். இன்று மாற்றியது இன்றே எல்லாரிடமும் போய்ச் சேரும் என்று எண்ணக் கூடாது. மூடிக் கிடக்கிற லப்டொப் திறந்து இணையத்தில் ஏறின பிறகுதான் அதற்குச் செய்தி போகும்.

இன்டியூனின் உண்மையான பலம் சாதனங்களுக்குச் செட்டிங்குகளை அனுப்புவதில் இல்லை. சாதனம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து, அதன்படி மெயிலுக்கும் கோப்புக்கும் கதவைத் திறப்பதில் இருக்கிறது. டிஸ்க் குறியாக்கம் (சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி டிஸ்கைப் பூட்டுவது) இல்லாத, புதுப்பிப்புப் போடாத லப்டொப் என்றால் சரியான பாஸ்வேர்ட் அடித்தாலும் உள்ளே விடாது. இப்படி நிலை பார்த்து உள்ளே விடும் வசதியின் பெயர் நிபந்தனை அணுகல், அதற்கு உரிமமும் வேண்டும். அதையும் இன்டியூனையும் சேர்த்துத் தருவது மைக்ரோசொப்ட் 365 பிஸ்னஸ் பிரீமியம். பட்டியல் விலை ஒருவருக்கு மாதம் 22 டொலர், 300 பேர் வரை. டொலரை முந்நூறு ரூபா என்று வைத்தால் இருபது பேர் ஒபிஸுக்கு மாதம் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் ரூபா. இன்டியூன் மட்டும் தனியே என்றால் 8 டொலர், ஆனால் அதில் நிபந்தனை அணுகல் இல்லை. தொண்டு நிறுவனங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முன்பு இலவசமாகக் கிடைத்த பத்து பிஸ்னஸ் பிரீமியம் உரிமங்களை மைக்ரோசொப்ட் 2025 ஜூலையிலிருந்து நிறுத்தத் தொடங்கிவிட்டது. இப்போது சலுகை விலைதான். பழைய கணக்கை வைத்து வரவுசெலவு போட்டால் புதுப்பிக்கும் மாதத்தில் திண்டாட வேண்டிவரும்.

இந்தக் காசு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நகரத்துத் திருத்தும் கடையில் நடக்கிற ஒரு விஷயம். லப்டொப்பின் மதர்போர்ட் மாற்றினால், திறக்கும்போது நீலத் திரையில் விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதியான பிட்லொக்கர் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி எங்கேயும் எழுதப்படவில்லை என்றால் டிஸ்கில் இருந்தது போனது போனதுதான். இன்டியூனில் ஒழுங்காகப் போட்டிருந்தால் சாவி கிளவுட்டில், அந்தச் சாதனத்தின் பெயருக்குக் கீழே இருக்கும். ஒபிஸில் இருந்தபடி போனில் ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி வாசிக்க, கடைத் தம்பி அடிக்க, லப்டொப் திறந்துவிடும். அதே சாவி இல்லாத திருடனுக்கு அந்த டிஸ்க் வெறும் இரும்பு.

ஒரு தடை இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடையில் மலிவாக வாங்கிய லப்டொப்பில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்தால் அதை நிறுவனக் கணக்கோடு முழுமையாக இணைக்க முடியாது. பிட்லொக்கர் நிர்வாகமும் கைக்கு வராது. பிஸ்னஸ் பிரீமியம் வாங்கினாலும் ஹோம் தானாகப் புரோ ஆகாது, அதற்கு ஒரு லப்டொப்புக்குத் தனியே 99 டொலர். ஆகவே அடுத்த லப்டொப் வாங்கும்போதே புரோவாகப் பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால் மாற்றும் வேலை எப்படியும் காத்திருக்கிறது.

கூகுளின் கதை வேறு. வேர்க்ஸ்பேஸில் மெயில் வைத்திருக்கிற எல்லாருக்கும், மாதம் 7 டொலர் ஸ்டார்ட்டர் பதிப்பிலும்கூட, அடிப்படை நிர்வாகம் தானாகவே இருக்கிறது. போனில் திரைப்பூட்டைக் கட்டாயமாக்கலாம், தொலைந்த போனிலிருந்து நிறுவனக் கணக்கை அழிக்கலாம். ஒரு சிறு ஹோட்டலுக்கு இதுவே போதும், அதற்கு மேல் செலவழிக்கச் சொல்வது அநியாயம். அண்ட்ரொய்டில் வேலைப் பகுதியைத் தனியே பிரிக்கும் மேம்பட்ட நிர்வாகமும் விண்டோஸ் நிர்வாகமும் பிஸ்னஸ் பிளஸ் பதிப்பில் வருகின்றன. அதன் விலையும் அதே 22 டொலர். அந்த விலையில் வைத்துப் பார்த்தால் விண்டோஸ் பக்கம் கூகுள் தோற்கிறது. மென்பொருள் நிறுவுவது சுற்றுவழி. சாதனத்தின் நிலை பார்த்துக் கதவு திறக்கிற வசதி என்டர்பிரைஸ் பதிப்புக்குப் போனால்தான் கிடைக்கும். எல்லாரும் போனிலும் பிரவுசரிலும் வேலை செய்கிற இடம் என்றால் கூகுள். எக்செல் கோப்புகளில் உயிரோடிருக்கிற கணக்குப் பிரிவு இருந்தால் வேண்டாம்.

மனேஜ்என்ஜின் நம்மவர்களுக்குப் பழகிய பெயர். சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட சோஹோவின் பிரிவு. 25 சாதனம் வரை இலவசம். அதனாலேயே சிறு ஒபிஸ்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். குரோம், அடோபி ரீடர் போன்ற மற்றவர்களின் மென்பொருளுக்கும் புதுப்பிப்புப் போடுகிறது. தொலைவிலிருந்து திரையைப் பிடித்து வேலை செய்யும் வசதி உள்ளேயே இருக்கிறது. இன்டியூனில் இதற்கான ரிமோட் ஹெல்ப் பிஸ்னஸ் பிரீமியத்தில் அடங்காது, தனி உரிமம் வாங்க வேண்டும். மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் நூறு கிலோமீட்டருக்கு மேல். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று யாராவது அழைக்கும்போது இதன் அருமை தெரியும். சொந்தச் சேர்வரில் நிறுவும் பதிப்பும் இருக்கிறது. அதை எடுக்காதீர்கள். 2020இலும் 2021இலும் அதில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டைகளைத் தாக்குபவர்கள் உண்மையிலேயே பயன்படுத்தினார்கள். அதற்கு உடனுக்குடன் ஒட்டுப் போட ஆள் இல்லாத இடத்தில் கிளவுட் பதிப்புத்தான் பாதுகாப்பு.

இனிப் போன் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். இங்கே தொழில்நுட்பத்தை விட மனிதர்கள்தான் முக்கியம். சொந்தப் போனில் எதையாவது போடச் சொன்னதும் வருகிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"தம்பி, என்ட போட்டோ, வட்ஸ்அப் எல்லாம் ஒபிஸில இருந்து பார்க்க ஏலுமா?"

"இல்ல அக்கா. இந்தப் பெட்டி அடையாளம் போட்ட ஆப் மட்டும்தான் எங்கட. வேலைய விட்டுப் போனா அது மட்டும்தான் அழியும்."

இந்தப் பதில் உண்மையாக இருப்பது அண்ட்ரொய்டின் வேலைப் பகுதியில். 2014இல் அண்ட்ரொய்ட் 5ஓடு வந்தது, மேலே சொன்ன மூன்று கிளவுட் வழியிலும் அமைக்கலாம். இன்டியூனில் இன்னுமொரு வழியும் உண்டு: போனைப் பதிவே செய்யாமல் அவுட்லுக், டீம்ஸ் போன்ற ஆப்களுக்கு மட்டும் பூட்டுப் போடுவது. ஊழியருக்கு இதுதான் இலகு. ஆனால் உள்ளூரில் எழுதி வாங்கிய கடன் வசூல் ஆப் அந்தப் பூட்டுக்குள் வராது, இன்டியூனுக்கென்று தயாரித்த ஆப்கள் மட்டுமே வரும். அப்படியான ஆப் இருந்தால் வேலைப் பகுதிதான் ஒரே வழி. கூகுள் சேவை இல்லாமல் வருகிற புதிய ஹுவாவே போன்களில் அதுவும் நடக்காது.

கம்பனி வாங்கிக் கொடுக்கிற போன் என்றால், போன் முழுவதும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் முழு நிர்வாகத்தில் போடுங்கள். புதுப் போனின் முதல் திரையில் ஒரே இடத்தில் ஆறு தடவை தட்டினால் கியூ.ஆர் ஸ்கேனர் திறக்கும், அதோடு பதிவு முடிந்துவிடும். ஏற்கெனவே பாவித்த போனை இப்படிப் போட வேண்டுமானால் முதலில் முழுக்க அழிக்க வேண்டும்.

இப்போது படுவான்கரைக் கேள்வி. விற்பவர்கள் எல்லாரும் "தொலைவிலிருந்து அழிக்கலாம்" என்பதைத்தான் முதலில் காட்டுவார்கள். அந்தக் கட்டளை போன் இணையத்தில் ஏறினால்தான் போய்ச் சேரும். சிம்மைக் கழற்றி எறிந்தவனிடம் அது பலிக்காது. சாதனத்துக்குள்ளேயே முன்கூட்டிக் குடியிருக்கிற கொள்கைதான் அங்கே காப்பாற்றும்: குறியாக்கம், ஆறு இலக்க இரகசிய எண் (PIN), இத்தனை தடவை தவறாக அடித்தால் தானே அழிந்துபோகும் என்ற விதி. இவற்றை நான்கு வழியிலும் லப்டொப்புக்கு ஏதோ ஒரு அளவில் போடலாம், போனுக்குக் கிளவுட் மூன்றில்தான் முடியும்.

மறுபக்கமும் இருக்கிறது. இன்டியூனின் ஆப் பூட்டில், இணையமில்லாமல் எவ்வளவு நேரம் திறக்கலாம் என்று நிமிடக் கணக்கில் ஒரு வரம்பு உண்டு. அது தாண்டினால் ஆப் பூட்டிக்கொள்ளும். இயல்பாக விட்டால் 90 நாள் தொடர்பில்லாதபோது நிறுவனத் தரவு அழியும். வெல்லாவெளியில் இரண்டு மூன்று நாள் தங்கி வேலை செய்கிறவர் இருந்தால் அந்த நிமிட வரம்பை அவருடைய வேலைக்கு ஏற்ப நீட்டி வையுங்கள். வெள்ளத்தில் பாதை அடைபட்டு, டவரும் விழுந்து கிடக்கிற வாரத்தில் நிவாரணப் பட்டியலைத் திறக்க முடியாமல் ஒரு உத்தியோகத்தர் நிற்பதைவிடப் பெரிய பாதுகாப்புத் தோல்வி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் தெரிவு இப்படி. 25 சாதனத்துக்குள் என்றால் மனேஜ்என்ஜின் கிளவுட் பதிப்பில் தொடங்கலாம். மெயில் ஏற்கெனவே கூகுளில், லப்டொப் குறைவு என்றால் இருக்கிற பதிப்பின் அடிப்படை நிர்வாகத்தை இன்றே இயக்கிவிடுங்கள், அதற்குக் கூடுதல் காசில்லை. பல கிளை, பல லப்டொப், மக்களின் கடன் விவரம் கையில் இருக்கிற நிறுவனம் என்றால் பிஸ்னஸ் பிரீமியத்தின் விலை கசந்தாலும் அதுதான் சரி. சேர்வர் ஓடுகிற இடங்கள் கிளவுட்டுக்குப் போகும்போது ஒரே செட்டிங்கை இரண்டு பக்கமும் போடாமல், ஒவ்வொன்றாகக் கிளவுட் பக்கம் கொண்டுவந்து குரூப் பொலிசியில் அதை எடுத்துவிட வேண்டும்.

எதை எடுத்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு விஷயம். இன்டியூனில், எந்த இணக்கக் கொள்கையும் (சாதனம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் விதி) ஒதுக்கப்படாத சாதனத்தை இயல்பாகவே "சரியானது" என்று கணக்கெடுக்கும். அதை முதல் நாளே மாற்றுங்கள். ஐபோன் இருந்தால் ஆப்பிளின் புஷ் சான்றிதழை (ஐபோன்களுக்குக் கட்டளை அனுப்ப ஆப்பிள் தரும் அனுமதி) வருடத்துக்கு ஒருமுறை, எடுத்த அதே ஆப்பிள் கணக்கில் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கணக்கு ஒரு ஊழியரின் சொந்த மெயிலில் இருந்து, அவர் கட்டாருக்குப் போய்விட்டால், எல்லா ஐபோனையும் திரும்பவும் முதலிலிருந்து பதிய வேண்டிவரும். நிறுவனத்தின் பெயரில் ஒரு பொது மெயில் திறந்து அதில் எடுங்கள், பாஸ்வேர்டை முகாமையாளரின் அலுமாரியிலும் ஒரு பிரதி வையுங்கள்.