மூன்றுசுழி ண-வுக்கு இடம் விடும் எழுத்துரு எது?

மொரீசியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதன் பிறகு இந்தி. 1998இல் வந்த நோட்டுகளில் இந்த வரிசை மாறியபோது நம்மவர்கள் எதிர்த்து நின்றார்கள். அவை திரும்பப் பெறப்பட்டு, 1999இல் தமிழ் பழைய இடத்துக்கு வந்தது. எழுத்து நிற்கும் இடத்தை இவ்வளவு உற்றுப் பார்க்கும் ஊரில், கோவில் மண்டபப் பலகைக்கு மூன்று எழுத்தையும் ஒரே குடும்பமாக வரைவது எப்படி? 1927இல் பால் ரென்னரின் ஃபியூச்சுரா எழுத்துரு காட்டிய வட்டமும் நேர்கோடும்தான் கேட்கப்படும் பாணி.

ஒரு வழி, முதலில் ஆங்கிலத்தை வரைந்து அதன் துண்டுகளை ஒட்டித் தமிழ் செய்வது. ட, ப, ம மூன்றும் இதற்கென்றே பிறந்தவை போல அமையும். ஆனால் ஞ, ஐ வந்ததும் சிக்கல். மூன்றுசுழி ண-வை ஆங்கில ‘ஓ’வின் அகலத்துக்குள் அடைத்துத் தடிமன் ஏற்றினால் சுழிகள் அடைபட்டு, தெருவுக்கு எதிர்ப்புறத்திலிருந்து இரண்டுசுழி ன போலவே தெரியும். கு, டு, நு என்று உகரம் ஒவ்வொன்றிலும் வேறு உருவம் எடுப்பதால் ஒரே துண்டு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இங்கே பல பிள்ளைகள் வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி பேசி, பள்ளியில்தான் தமிழ் எழுத்தைக் கற்கிறார்கள். அவர்களைக் குழப்பும் அழகு எனக்கு வேண்டாம்.

மற்ற வழி, நெரிசல் மிகுந்த ணை-யிலிருந்து தொடங்குவது. அதில் சுழிகள் திறந்து நிற்கும் அளவுக்குக் கோட்டுத் தடிமனை முடிவு செய்து, அதையே ஆங்கிலத்துக்கும் கொடுக்க வேண்டும். தமிழின் உயரம் ஆங்கிலச் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் நடுவே இருக்கட்டும். இந்தி எழுதும் தேவநாகரியின் தலைக்கோடு கருமையைக் கூட்டும். அதைச் சற்று மெலிக்கலாம். வேலை இரட்டிப்பு, ஆனாலும் என் தேர்வு இதுதான்.

புதிதாக வரைய நேரமில்லையா? கட்டணமில்லாத எழுத்துருக்களில் ஹிந்த் மதுரை சிறு எழுத்தில் நன்றாகப் படிக்கக் கிடைக்கும், இந்தப் பாணி அதில் குறைவு. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன் ஒரே தடிமன் கோட்டில் ஓடுவது; ஒன்பது தடிமன்களில் உண்டு. அதனோடு சேர்த்து வரையப்பட்ட பாலன்குயினில் தேவநாகரி இருப்பதால் நமக்கு வேண்டிய மூன்று எழுத்தும் கிடைத்துவிடும். ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழுவின் அனேக் பத்து எழுத்துமுறைகளைக் கொண்டது, அகலத்தையும் மாற்றலாம். ‘திருக்கோவில்’ போன்ற நீளமான சொல் குறுகிய பலகையில் அடங்க வேண்டுமானால் அனேக், இடம் தாராளமென்றால் கட்டமரன். எதை எடுத்தாலும் ௧, ௨, ௩ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ரூபாய் நோட்டில் உள்ள தமிழ் எண்கள் கோவில் பலகையில் விடுபடக் கூடாது.